அளவெடுத்துச் செய்த ஆபீஸ் நாற்காலி: ஆசாரியிடம் செய்தால் முதுகு தப்புமா?

தாம்வே_லெட்ஜர்

எல்லாருக்கும் வணக்கம். யாங்கூன் தாம்வேயிலிருந்து எழுதுகிறேன். மூன்று கடைகளுக்கும் ஓர் இறக்குமதி ஆபீசுக்கும் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். சாதாரண நாளில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். மாசக் கடைசியில் பதினொன்றும் ஆகும்.

போன வருஷம் ஆன்லைனில் பந்தயக் கார் சீட் மாதிரி ஒரு நாற்காலி வாங்கினேன். கறுப்பும் சிவப்பும், தோளுக்கு இரண்டு பக்கமும் இறக்கை, இடுப்புக்கு வாரில் கட்டிய ஒரு தலையணை. முதல் வாரம் ராஜா மாதிரி இருந்தது. மூன்றாவது மாசத்திலிருந்து கீழ்முதுகில் வலி. எழுந்தால் கேள்விக்குறி மாதிரி நிற்கிறேன், நிமிர ஐந்து நிமிஷம் ஆகிறது.

ஊரெல்லாம் தேக்கு இருக்கிறது, வேலை தெரிந்த ஆசாரிகளும் இருக்கிறார்கள். என் உடம்புக்கு அளவெடுத்து ஒன்று செய்தால் என்ன என்று தோன்றுகிறது. யாராவது செய்திருக்கிறீர்களா? என்ன அளவு கொடுக்க வேண்டும்?

மொகல்தெரு

தம்பி, என் தாத்தா மொகல் தெருவில், இப்போது ஸ்வே பொந்தா தெரு, செட்டியார் கிட்டங்கியில் கணக்கு எழுதியவர். நாற்காலியே கிடையாது. தரையில் சம்மணம், முன்னால் சாய்வு மூடி வைத்த பெட்டி. பெட்டியடியில்தான் காலை முதல் விளக்கு வைக்கும் வரை. எண்பது வயசு வரை நேராக நடந்தார். உங்களுக்கு நாற்காலி தேவையில்லை, நாற்காலியை விடுவதுதான் தேவை.

உளிச்சத்தம்

ஐயா சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை அப்புறம் பேசலாம்.

லெட்ஜர் தம்பி, நான் யாங்கூனுக்குப் பக்கத்துத் தன்லின் ஊர்க்காரன். அப்பா தச்சு வேலை, நானும் கூட நிற்கிறேன். "எனக்கு அஞ்சடி நாலங்குலம், ஒரு நாற்காலி செய்யுங்கள்" என்றுதான் எல்லாரும் வருகிறார்கள். உயரம் எங்களுக்கு உதவாது. அஞ்சடி நாலங்குலத்தில் கால் நீளமானவரும் உண்டு, முண்டம் நீளமானவரும் உண்டு. உட்கார்ந்த அளவுதான் வேண்டும்.

இப்படிச் செய்யுங்கள். குஷன் இல்லாத பலகை பெஞ்சைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, வெறுங்காலோடு, பின்புறம் சுவரில் முட்ட உட்காருங்கள். தொடை சமமாக இருக்கட்டும். கால் எட்டவில்லை என்றால் அடியில் பலகை வைத்து, அதன்மேல் இருந்து அளக்கவும். டேப்பை இன்னொருவர் பிடிக்க வேண்டும். நீங்களே குனிந்து அளந்தால் எல்லாம் தப்பாக வரும்.

கால் வைத்த இடத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை ஓர் அளவு. சுவரிலிருந்து முழங்கால் மடிப்பு வரை ஒன்று. கையைத் தொங்கவிட்டு மடக்கினால் பெஞ்சிலிருந்து முழங்கை வரை ஒன்று. பெஞ்சிலிருந்து முதுகு உள்ளே குழிகிற இடம் வரை ஒன்று. இடுப்பு அகலம். அப்புறம் யாரும் தராத அளவு, மேசை உயரம். அதை மறக்காதீர்கள்.

தாம்வே_லெட்ஜர்

அம்மாவைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். அவர் ஜாக்கெட்டுக்கு அளவெடுப்பதாக நினைத்துக்கொண்டு மார்பையும் அளந்துவிட்டார், அதை விட்டுவிடுங்கள்.

முழங்கால் மடிப்பு உயரம் 15¾ அங்குலம் (40 செ.மீ.). சுவரிலிருந்து முழங்கால் மடிப்பு 17¾ (45 செ.மீ.). முழங்கை 8¾ (22 செ.மீ.). முதுகுக் குழி 7½ (19 செ.மீ.). இடுப்பு அகலம் 14 (36 செ.மீ.). மேசை 30 அங்குலம் (76 செ.மீ.). எடை 40 விசை, அதாவது 65 கிலோ.

இருக்கிற நாற்காலியையும் அளந்தேன். எவ்வளவு இறக்கினாலும் சீட் 18½ அங்குலத்துக்குக் கீழே போவதில்லை. சீட்டின் ஆழம் 20½.

உளிச்சத்தம்

வலியின் ஜாதகமே இந்த அளவுகளில் இருக்கிறது.

உங்கள் தொடை 17¾. சீட் ஆழம் 20½. பின்னால் போய்ச் சாய முயன்றால் சீட்டின் முன் விளிம்பு முழங்கால் மடிப்பில் முட்டும். அதனால் தெரியாமலே முன்னால் நகர்ந்து உட்காருகிறீர்கள். சாய்மானத்துக்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி. அந்தத் தலையணை அங்கே சும்மா தொங்குகிறது, சரியா?

சீட் ஆழம் என்பது தொடை அளவில் இரண்டு அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில் மூன்று விரல் போகணும். உங்களுக்கு 15¾ போதும். நீங்கள் வாங்கியது ஆறடிக்காரருக்குச் செய்தது.

ஆனால் பெரிய திருடன் நாற்காலி இல்லை, மேசை. 15¾ + 8¾ = 24½. கால் தரையில் பதிய உட்கார்ந்தால் உங்கள் முழங்கை தரையிலிருந்து இருபத்து நாலரை அங்குலத்தில் இருக்கும். மேசை 30. ஐந்தரை அங்குலம் அதிகம். தட்டச்சு செய்ய இரண்டு தோளையும் தூக்க வேண்டும். தோள் வலித்ததும் நாற்காலியை ஏற்றுவீர்கள். ஏற்றினால் கால் தொங்கும். கால் தொங்கினால் முன்னால் சறுக்குவீர்கள். நான் எவ்வளவு அழகாகத் தேக்கில் செய்து கொடுத்தாலும் இந்த மேசைக்கு முன்னால் வைத்தால் பிரயோசனமில்லை.

மேசைக் காலை ஐந்தரை அங்குலம் அறுத்துவிடலாமா?

தாம்வே_லெட்ஜர்

தாத்தா காலத்து மேசை. மேசைக் காலை அறுத்தால் அம்மா என் காலை அறுப்பார். இரண்டு பக்கமும் இழுப்பறை வேறு இருக்கிறது, அறுத்தால் தொடை நுழையாது.

தலையணை பற்றிச் சொன்னீர்களே, இப்போதுதான் பின்னால் கைவிட்டுப் பார்த்தேன். நிஜமாகவே தொங்குகிறது.

ஏப்ரல்வெயில்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் சாஞ்சாங்கில் டிசைன் வேலை பார்க்கிறேன், நானும் அஞ்சடி ஓரங்குலம்தான். ஆபீஸ் நாற்காலிகளில் கால் எட்டாமல் அவதிப்பட்டவள் என்பதால் சொல்கிறேன். மேசையை இறக்க முடியாவிட்டால் தரையை ஏற்றுங்கள். சீட்டை 21 அங்குலத்துக்கு ஏற்றிக்கொண்டு, காலுக்கு 5¼ அங்குல உயரத்தில் ஒரு மேடை. கணக்கு சரியாக வரும்: 21 + 8¾ = 29¾.

மேடை என்றால் பொம்மை ஸ்டூல் வேண்டாம். இரண்டு பாதமும் இடம் மாற்றி வைக்கிற அகலம் வேண்டும். சின்ன ஸ்டூலில் கால் ஒரே இடத்தில் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும், ஒரு மணி நேரத்தில் அதை உதைத்துத் தள்ளிவிடுவீர்கள்.

அளவு விஷயத்தில் பெரிய கம்பெனிகளுக்கும் இது தெரியும். 1994-ல் வந்த ஏரான் நாற்காலியை அ, ஆ, இ என்பது மாதிரி மூன்று சைஸில் விற்றார்கள். சட்டை மூன்று சைஸில் இருக்கும்போது நாற்காலி ஒரே சைஸில் எப்படி இருக்கும்? அதில் இன்னொரு விஷயம் வலைத்துணி. பஞ்சும் தோலும் இல்லாமல் காற்றுப் போகிற முதுகு.

அதனால் என் ஓட்டு பிரம்புக்கு. ஏப்ரலில் கரண்டு போன மத்தியானம் ரெக்சின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நம்மிடம் பிரம்பு பின்னுகிறவர்கள் இருக்கும்போது வலைத்துணியை எங்கே தேட வேண்டும்?

உளிச்சத்தம்

முதுகுக்குப் பிரம்பு, ஆகா. சீட்டுக்கு வேண்டாம் அக்கா. பின்னின பிரம்பு ஒரு வருஷத்தில் நடுவில் தொய்யும். தொய்ந்தால் தொட்டில் மாதிரி இடுப்பு உள்ளே போகும், முன் சட்டம் மட்டும் மேலே நின்று தொடையின் அடியில் அழுத்தும். கால் மரத்துப்போவது அதனால்தான். விருந்தாளி அரை மணி உட்காரப் பிரம்பு சீட் போதும். எட்டு மணி நேரத்துக்குப் பிளைவுட்டும் நல்ல பஞ்சும்தான்.

தாம்வே_லெட்ஜர்

//நல்ல பஞ்சும்தான்//

நல்லது எது என்று எப்படித் தெரியும் அண்ணே? கடையில் எல்லாமே நல்லது என்கிறார்கள்.

ஐந்துசக்கரம்

இதற்கு நான் பதில் சொல்கிறேன். நாற்காலி ரிப்பேர்தான் என் பிழைப்பு.

கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பதெல்லாம் ஏமாற்று. மெத்தென்று இருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா என்பது ஒரு விஷயம், அடர்த்தி வேறு விஷயம். சரியாகப் பத்து செ.மீ. நீளம், அகலம், உயரத்தில் ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். அதை நகைக்கடைத் தராசில் போடுங்கள். எத்தனை கிராம் வருகிறதோ அதுதான் ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது. 20 கிராம் வந்தால் ஆறு மாசத்தில் அப்பளம். 50 பக்கம் வந்தால் வாங்கலாம். இரண்டு அங்குலம் போதும். நாலு அங்குலம் போட்டால் பஞ்சுக்குள் புதைந்துபோய் நம் அளவெல்லாம் வீண்.

உறை பருத்தித் துணியில், கழற்றித் துவைக்கிற மாதிரி. மழைக்காலம் நாலு மாசம் காயாத ஈரத்தில் ஒட்டித் தைத்த உறைக்குள் பூஞ்சை பிடித்து வருகிற நாற்காலிகளை நான் தினம் பார்க்கிறேன். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பிரிப்பேன்.

இன்னொன்று. அந்தப் பந்தயக் கார் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். மேல் பாகம்தான் குப்பை. அடியில் ஐந்து கால் சட்டமும் ஏற்றி இறக்கும் கேஸ் தண்டும் நன்றாக இருந்தால் அதன்மேல் புது சீட்டைப் பொருத்தலாம். அடித்தகட்டின் நான்கு துளைகளைக் காகிதத்தில் அச்செடுத்து ஆசாரியிடம் கொடுங்கள். முக்கால் அங்குலப் பிளைவுட், அதில் டீ நட், அதாவது பலகைக்குள் பதிகிற இரும்பு நட். மர ஸ்க்ரூ வேண்டாம், ஆட்டத்தில் கழன்று வரும். தண்டை மட்டும் யாரும் உடைக்கவோ சூடாக்கவோ கூடாது, உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது.

மொகல்தெரு

இவ்வளவுமா ஒரு நாற்காலிக்கு? என் தாத்தா கேட்டால் சிரிப்பார்.

மோல்மீன்_அக்கா

ஐயா, வணக்கம். நான் நர்ஸாக இருந்தவள், உங்கள் தாத்தா கதைக்காகத்தான் உள்ளே வந்தேன்.

பெட்டியடி உட்காருதலில் நல்ல விஷயம் இருக்கத்தான் செய்கிறது. பெட்டியின் சாய்வு மூடி கணக்குப் புத்தகத்தைக் கண்ணை நோக்கித் தூக்கிக் கொடுக்கிறது, கழுத்து அவ்வளவு குனியாது. அப்புறம், சம்மணத்தில் யாரும் ஒரே மாதிரி ஒரு மணி நேரம் இருக்க முடியாது. ஒரு காலை நீட்டுவார்கள், குத்துக்கால் வைப்பார்கள், வெற்றிலை போட எழுவார்கள். ஆடிக்கொண்டே இருந்தார்கள் ஐயா. நம் தம்பி கணினி முன்னால் சிலையாக இருக்கிறார். உங்கள் தாத்தாவோடு உட்கார்ந்த பத்துப் பேரில் ராத்திரி எத்தனை பேர் தைலம் தேய்த்துக்கொண்டார்கள் என்பதை யாரும் பேரேட்டில் எழுதி வைக்கவில்லை.

உட்காருவதே விஷம் என்றும் பயப்பட வேண்டாம். முதுகெலும்பு வட்டுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று 1960-களிலேயே சுவீடனில் நாக்கெம்சன் என்ற மருத்துவர் ஊசி செலுத்தி அளந்தார். நிற்பதைவிட உட்கார்ந்தால் அழுத்தம் கூடுகிறது என்றார். 1999-ல் ஜெர்மனியில் வில்கே குழு ஒரே ஒரு தன்னார்வலரின் வட்டில் கருவி வைத்து அளந்ததில் கதை கொஞ்சம் மாறியது: நிற்கும்போது 0.50 மெகாபாஸ்கல், தளர்வாக உட்கார்ந்தால் 0.46, பின்னால் நன்றாகச் சரிந்து சாய்ந்தால் 0.27, உட்கார்ந்து முன்னால் நன்றாகக் குனிந்தால் 0.83. ஒருவரிடம் எடுத்த அளவு என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் குனிவதுதான் வில்லன் என்பது தெரிகிறது. சாய்மானம் தொண்ணூறு பாகையில் விறைப்பாக நிற்க வேண்டியதில்லை, நூறிலிருந்து நூற்றுப் பத்து வரை பின்னால் சாயட்டும்.

லெட்ஜர் தம்பிக்கு ஒரு கேள்வி. வலி காலுக்கு இறங்குகிறதா? கால் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் போவது, உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைவது, சிறுநீர் அடக்க முடியாமலோ போகாமலோ ஆவது, இதில் எது இருந்தாலும் நாற்காலிப் பேச்சை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தாம்வே_லெட்ஜர்

இல்லை அக்கா, கீழ்முதுகோடு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை வலியே இல்லை.

மோல்மீன்_அக்கா

ஞாயிறு இல்லை என்றால் நல்ல சேதி. அரை மணிக்கு ஒரு தரம் எழுந்துபோய்த் தண்ணீர் குடியுங்கள். பாட்டிலை மேசைமேல் வைக்காதீர்கள், சமையலறையில் வையுங்கள்.

உளிச்சத்தம்

நாற்காலிக்கு மரம் அறுக்கும் முன்னால் ஒரு வேலை. மாதிரி செய்து பாருங்கள், காசு செலவில்லை. பலகை பெஞ்சில் புத்தகங்களை அடுக்கி உயரம் 21 கொண்டு வாருங்கள். காலுக்குக் கீழே செங்கல் மேல் பலகை. முதுகுக்குச் சுவரோடு ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, உங்கள் குழி இருக்கும் 7½ அங்குலத்தில் துண்டைச் சுருட்டி வையுங்கள். இரண்டு நாள் அதில் வேலை பாருங்கள். துண்டை ஏற்றி இறக்கி, எங்கே சுகம் என்று பென்சிலால் கோடு போடுங்கள். அந்தப் பென்சில் கோடுதான் எனக்கு வேண்டும்.

சாய்மானத்தில் இடுப்பைத் தாங்குகிற குறுக்குச் சட்டம், அந்த இடுப்புச் சட்டத்துக்குக் கீழே ஐந்து அங்குலம் திறந்தே இருக்கட்டும். பின்புறச் சதை பின்னால் போக இடம் இல்லை என்றால், சாய்மானம் எவ்வளவு வளைவாக இருந்தாலும் அது உங்களை முன்னால்தான் தள்ளும். கடை நாற்காலியில் அடியிலிருந்தே பஞ்சு அடைத்து வைப்பதன் தொல்லை அதுதான்.

தாம்வே_லெட்ஜர்

மாதிரி செய்தாகிவிட்டது. புத்தகங்கள் போதவில்லை, பழைய பேரேடுகளையும் அடுக்கினேன். அம்மா தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "எழுத்து மேலேயா உட்காருவாய்" என்று திட்டினார். சரி என்று அரிசிப் பெட்டிக்கு மாறினேன்.

பென்சில் கோடு 7½-இல் வரவில்லை. 8¼-இல்தான் சுகமாக இருக்கிறது. பின்னால் சாயும்போது உடம்பு கொஞ்சம் வழுகுவதாலா?

உளிச்சத்தம்

பஞ்சு இல்லாத பெஞ்சில் அளந்தது 7½. சாய்ந்தால் மாறும். கோடு எங்கே இருக்கிறதோ அதுதான் கணக்கு. நாளைக்கே தன்லின் வந்துவிடுங்கள், அடித்தகட்டையும் எடுத்து வாருங்கள்.

தாம்வே_லெட்ஜர்

ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நாற்காலி வீட்டில் இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன், தப்பையும் சேர்த்து.

பழைய வீடு இடித்த தேக்குச் சட்டம். உளிச்சத்தம் அண்ணன் அப்பா அதை இழைத்தபோது உள்ளே புது மரம் மாதிரி பொன்நிறம், எண்ணெய் வாசனை கடை முழுக்க. பழைய மரம் காய்ந்து முடிந்தது, இனி முறுக்காது என்றார். இடுப்புச் சட்டம் நாலு அங்குல அகலம், பக்கவாட்டில் உள்வளைவு. அதற்கு மேலே பிரம்பு. சாய்மானக் கால்கள் இரண்டையும் சீட் சட்டத்தில் நாக்கும் துளையுமாகச் சேர்த்து, பின்னால் இரும்புப் பட்டை போட்டு போல்ட் முடுக்கினார். சாயும்போது முழுப் பாரமும் அந்த மூலையில்தான் விழுமாம், மரத்தை மட்டும் நம்பக் கூடாதாம். முன் விளிம்பைக் கீழே வழித்துவிட்டார்.

முதல் தப்பு: இடுப்புச் சட்டத்தின் முன் புடைப்பு அதிகம். கடையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தபோது "ஆகா" என்றேன். வீட்டில் இரண்டு மணி நேரத்தில் யாரோ முஷ்டியால் குத்திக்கொண்டே இருப்பது மாதிரி ஆகிவிட்டது. பெரியவர் வந்து இழைப்புளியால் நாலு இழுப்பு இழுத்தார். என்னை உட்காரச் சொல்வார், எழச் சொல்வார், ஓர் இழுப்பு. நாலாவது இழுப்பில் சட்டம் இருப்பதே தெரியவில்லை. "இடுப்புக்கு அணைப்பு வேணும், அடி வேணாம்" என்றார்.

இரண்டாவது தப்பு எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கால் மேடையில் பாதத்தை ஊன்றியதும் நாற்காலி சக்கரத்தில் பின்னால் ஓடுகிறது! தட்டச்சு செய்யச் செய்ய மேசை தூரமாகப் போகிறது. நான் மறுபடி முன்னால் குனிகிறேன்.

ஐந்துசக்கரம்

அடடா. இதை நான் சொல்லியிருக்க வேண்டும். சக்கரங்களைப் பிடுங்கிவிட்டு அதே துளையில் குமிழ்க் கால் போடுங்கள், சக்கரத் தண்டு அளவிலேயே கிடைக்கும். பலகைத் தரையில் கோடும் விழாது. உயரம் ஓர் அங்குலம் குறையலாம், கேஸ் தண்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

தாம்வே_லெட்ஜர்

போட்டாகிவிட்டது அண்ணே. இப்போது அசையவில்லை.

வலி முழுக்கப் போகவில்லை. மாசக் கடைசியில் எட்டிப் பார்க்கிறது. ஆனால் எழுந்தவுடன் நிமிர்ந்து நிற்கிறேன். நாற்காலியால் எவ்வளவு, சமையலறைத் தண்ணீர் பாட்டிலால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. செலவு பழைய நாற்காலியின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

மொகல்தெரு

திரையின் உயரத்தை யாரும் பேசவில்லையே? சாய்வு மூடிப் பெட்டியைப் பற்றி அந்த அம்மா சொன்னது மனசில் நின்றுவிட்டது. மடிக்கணினி என்றால் திரை கீழே கிடக்கும், கழுத்து குனியத்தான் செய்யும்.

ஏப்ரல்வெயில்

ஐயா இப்போது எங்கள் கட்சி! திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். மடிக்கணினியைப் பெட்டி மேல் ஏற்றி, தனி விசைப்பலகை வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.

தாம்வே_லெட்ஜர்

தாத்தாவின் பணப்பெட்டி ஒன்று பரணில் இருந்தது, அதன்மேல் ஏற்றிவிட்டேன் ஐயா. உயரம் சரியாக இருக்கிறது.

இப்போது புதுத் தொல்லை. நான் கடைக்குப் போகிற நேரம் பார்த்து அம்மா இந்த நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறார். அவருக்கு நாலடி பத்தங்குலம். கால் மேடையை எட்டவில்லை, நுனியில் உட்கார்ந்துகொண்டு, "நல்ல மரம்டா, ஆனா இடுப்பு வலிக்குது" என்கிறார்.

உளிச்சத்தம்

அம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்து அளவெடுத்து அனுப்புங்கள். இந்தத் தரம் டேப்பை நீங்கள் பிடியுங்கள்.